மூண்டு பேர்தான் பாவிக்கினமாம்

எனக்குக் கொதி வந்தால் நெஞ்சுக்க வைச்சிருக்கத் தெரியாது. இதை முதலே சொல்லிப்போடுறன். பிறகு நான் அந்த மனிசனுக்கு எழுதினதுகளைச் சொல்லேக்க, இந்தப் பொம்பிளைக்கு என்ன விசரோ எண்டு நீங்கள் கேக்கக் கூடாது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போற வீதியில ஒரு கப்பல் முகவர் கந்தோரில கொம்பியூட்டர்களைப் பாக்கிறது என்ர வேலை. அது சம்பளத்துக்கு. சம்பளம் இல்லாமல் இன்னொரு வேலையும் செய்யுறனான். உலகத்தில ஆரும் இலவசமாப் பாவிக்கக்கூடிய ஒரு இயங்குதளம் இருக்கு. அதில ஓடுற ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒவ்வொண்டா எடுத்து, சரிபாத்து, ஒரே சொடுக்கில ஏத்தக்கூடிய மாதிரிக் கட்டிக் குடுக்கிறது ஊர் ஊரா இருக்கிற தொண்டர்கள். அப்பிடிக் கட்டினதைப் பொதி எண்டு சொல்லுவம். ஏழு பொதி என்ர பொறுப்பில கிடக்கு. ஆறைப் பற்றி ஒரு பிரச்சினையும் இல்லை.

ஏழாவது ஒரு எழுத்துமாற்றி. எங்கட பக்கத்துக் கந்தோர்கள், பள்ளிக்கூடங்கள், அச்சகங்கள் எல்லாத்திலயும் இருவது முப்பது வருஷமாத் தமிழ் அடிச்சது பழைய எழுத்துருவில. பார்வைக்குத் தமிழ், உள்ளுக்க இருக்கிறது இங்கிலீசு. திரையில 'அம்மா' எண்டு தெரியும். கொம்பியூட்டருக்கு அது எம், கே, செமிகோலன், கே, எச். கண் தெரிஞ்சவைக்கு இதில ஒரு கரைச்சலும் இல்லை. கண் தெரியாத ஒராளுக்குத் திரையை வாசிச்சுச் சொல்லுற மென்பொருள் இருக்கெல்லோ, அது 'எம், கே, செமிகோலன்' எண்டு அலட்டத் தொடங்கிவிடும். நடுவில எழுத்துமாற்றி நிண்டு உண்மையான தமிழாக்கிக் குடுத்தால்தான் அது வாய் திறந்து 'அம்மா' எண்டும்.

அந்த ஈமெயில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது, பத்து மணித் தேத்தண்ணி நேரம். எழுத்துமாற்றியைப் பற்றி. பராமரிப்பு இல்லாத கருவி. அதை முதல் எழுதினவரிட்ட இருந்து எட்டு வருஷமாப் பதில் இல்லை. பழைய கணினிமொழியில எழுதப்பட்டது, அந்த மொழியையே இயங்குதளத்தின்ர அடுத்த பதிப்பில இருந்து எடுக்கிறம். பாவனையாளர் எண்ணிக்கை மூண்டு. ஆட்சேபனை இருந்தால் மூண்டு கிழமைக்குள்ள தெரிவிக்கவும், இல்லாட்டி நீக்கப்படும்.

வாசிக்க வாசிக்க எனக்கு உச்சியில ஏறினது. பராமரிப்பு இல்லையாம். அப்ப நான் என்ன செத்தே போனன்? பொதியின்ர முகப்பில பராமரிப்பாளர் எண்டு என்ர பேர்தான் கிடக்கு. அதுக்கு மேல இந்த மூண்டு பேர் கணக்கு. நானே இருவத்திரண்டு கொம்பியூட்டரில அதை ஏத்திக் குடுத்திருக்கிறன், உப்புவெளியில இருந்து கிண்ணியா வரைக்கும். என்னைப் பேய்க்காட்ட வெளிக்கிட்டது ஆர் எண்டு பேரைப் பாத்தன். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில இருக்கிற ஒரு மனிசன். பழைய மொழியில எழுதின பொதிகளைத் தேடித் தேடிக் கழிக்கிறது அவற்ற பொறுப்பு. அவரும் என்னை மாதிரிச் சம்பளம் இல்லாத தொண்டர்தான். அது எனக்கு அப்பவே தெரியும், ஆனால் அதைப் பற்றி யோசிக்கிற நிலைமையில நான் இருக்கேல்லை.

ஏன் எண்டால் எனக்கு லிங்கநகரில இருக்கிற ஒரு பள்ளிக்கூடச் சேரின்ர முகம்தான் முன்னுக்கு வந்தது. உயர்தரப் பிள்ளையளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறவர். பதினொரு வருஷத்துக்கு முந்தி கண்ணில ஒரு வருத்தம் வந்து ரெண்டு கண்ணும் போட்டுது. அதுக்குப் பிறகும் பள்ளிக்கூடம் போறதை அவர் விடேல்லை. அவருக்கு வாசிச்சுச் சொல்லுற மடிக்கணினியை ஆயத்தப்படுத்திக் குடுத்தது நான்தான். அவற்ற மனிசியை நான் அக்கா எண்டுறனான், அவர் என்னைத் தங்கச்சி எண்டுவார். பிழை ஏதும் வந்தால் சனிக்கிழமைகளில போய், அவற்ற வீட்டு மண்டபத்தில இருந்து திருத்திக் குடுத்திட்டு, அக்கா தாற பிட்டையும் சாப்பிட்டிட்டு வருவன்.

போன பள்ளிக்கூட விடுமுறையில உப்புக் காத்துப் பட்டு அவற்ற மடிக்கணினி செத்துப் போச்சு. கழட்டிப் பாத்தால் உள்ளுக்க பச்சை பிடிச்சுக் கிடக்கு. அக்காவின்ர தம்பி வெளிநாட்டில இருந்து புதுசு ஒண்டு அனுப்பினவர். அந்தப் புதுசில பழைய பதிப்பு ஏறாது, அடுத்த பதிப்புத்தான் ஏறும். அடுத்த பதிப்பில எழுத்துமாற்றி இல்லையாம்.

அது மட்டும் எண்டால் கொஞ்சம் பொறுத்திருப்பன். கல்விக் கந்தோரில இருந்து சேருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கண் பார்வை இல்லாதபடியால் படிப்பித்தல் பாதிக்கப்படுகுதோ எண்டு பாக்க ஒரு அதிகாரி வந்து வகுப்பில இருப்பாராம். அவர் எழுதுற அறிக்கையை வைச்சு, சேர் வகுப்பில தொடர்ந்து இருக்கிறதோ, வேற வேலைக்குப் போடுறதோ எண்டு முடிவெடுப்பினமாம். அதுக்கு இருந்தது நாலு கிழமைதான்.

"தங்கச்சி, அதுக்கிடையில மிசினைச் சரியாக்கித் தருவீங்களோ?" எண்டு சேர் கேட்டார்.

"ஓம் சேர், அதை என்னட்ட விடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். இப்ப நினைச்சாலும் என்ர நாக்கைத்தான் கடிக்க வேணும் போல கிடக்கு.

அந்த இயங்குதளத்தில இப்பிடியான வழக்குகள் ஒரு பொதுப் பக்கத்திலதான் நடக்கும். ஆரும் வாசிக்கலாம், ஆரும் எழுதலாம். நான் முதல் நாள் மரியாதையாத்தான் தொடங்கினனான். இந்தக் கருவி கைவிடப்பட்டது இல்லை, முடிஞ்சது எண்டு எழுதினன். தமிழுக்குப் புது எழுத்து ஒண்டும் வரேல்லை, பழைய எழுத்துருவும் இனி மாறப் போறதில்லை, முடிஞ்ச வேலையில என்னத்தைப் பராமரிக்கிறது? என்ர குசினியில இருக்கிற, தேங்காய் துருவுற துருவலை இருவது வருஷமா மாறேல்லை, அதுக்காக அதைத் தூக்கி எறியிறேல்லை எண்டும் எழுதினன்.

அவர் அடுத்த நாளே பதில் போட்டார். "உங்கள் துருவலைக்குள்ளால் கள்ளன் வீட்டுக்குள் வரமாட்டான். யாரும் கவனிக்காத பழைய மொழிக்குள்ளால் வரலாம்." நியாயமான கதைதான். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டினது.

இருக்கிற கோப்புகளை எல்லாம் ஒருக்கா மாத்தி வைச்சிட்டுக் கருவியை விடலாமே எண்டு கேட்டார். கிழமைக்குக் கிழமை சுற்றறிக்கையும் வினாத்தாளும் இப்பவும் அந்த எழுத்துருவிலதான் வருது எண்டு சொன்னன். அப்பிடியெண்டால் அந்தக் கந்தோர்களை மாறச் சொல்லுங்கோ எண்டார். அந்த வசனத்தோட என்ர மரியாதை எல்லாம் பறந்து போச்சு. நீங்களே ஒருக்கா வாங்கோ, நான் ஓட்டோ பிடிச்சுத் தாறன், ஒவ்வொரு கந்தோரா ஏறி இறங்கிச் சொல்லிப் பாருங்கோ, ரெண்டாவது கந்தோர் வாசலிலேயே உங்களுக்குத் தலை நரைச்சுப் போகும் எண்டு எழுதினன். அதோட விட்டிருக்கலாம். குளிரில இருந்து கொண்டு குப்பை கூட்டுறதுக்கு எங்கட வீட்டுச் சாமான்தானோ கிடைச்சது எண்டும் சேத்து எழுதினன். நாகரிகமாக எழுதவும் எண்டு நடத்துனர்களிட்ட இருந்து எச்சரிக்கை வந்தது.

இதுக்கிடையில இன்னொருத்தன் வந்து, அவ்வளவு கவலை எண்டால் நீங்களே புது மொழியில திருத்தி எழுதலாமே எண்டு ஒரு வரி போட்டிட்டுப் போனான். இந்த ஆக்களைத்தான் எனக்குக் கண்ணில காட்டக் கூடாது. சட்டையை மடிச்சுக் கட்டத் தெரிஞ்சவளுக்குத் தைக்கவும் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு எங்க எழுதிக் கிடக்கு? எண்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து முயற்சி செய்து பாத்தனான். கொம்பு எல்லாம் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு போய்த் தனியா நிண்டது. 'கொடி' எண்டு வரவேண்டியது வாசிக்க ஏலாத ஒரு சாமானா வந்தது. பின்னேரம் மடிக்கணினியை மூடி வைச்சிட்டு உடுப்புத் தோய்ச்சன்.

அடுத்த நாள் அந்தக் குளிர்நாட்டு மனிசன் ஒரு வசனம்தான் எழுதியிருந்தார். "பாவனையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்கிறீர்கள். எங்கள் கணக்கில் மூன்று பேர். மற்றவர்கள் எங்கே?"

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுபோய்க் கடற்கரை வாங்கில இருந்து அதைத்தான் யோசிச்சன். எங்கட ஊரில வீதி வழிய திரியிற மானில ரெண்டு வந்து பார்சல் சுத்தின பேப்பருக்காக என்னைச் சுத்திச் சுத்தி நிண்டதுகள். இருவத்திரண்டு கொம்பியூட்டரில நான் ஏத்தினனான். எப்பிடி மூண்டு வரும்? எங்க பிழை விடுறாங்கள்? எண்ணத் தெரியாதவங்களோ?

அவங்கள் எப்பிடி எண்ணுறவை எண்டு எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி நான் ஒருநாளும் நிண்டு யோசிச்சதில்லை. இயங்குதளத்தை முதல் முதல் ஏத்தேக்க அது ஒரு கேள்வி கேக்கும். இந்தக் கணினியில் எந்தெந்தப் பொதிகளைப் பாவிக்கிறீர்கள் என்ற விபரத்தை, உங்கள் பெயர் இல்லாமல், எங்களுக்கு அனுப்பலாமா? ஓம், இல்லை. ஓம் எண்டு சொன்ன கணினிகளைத்தான் அவை எண்ணுறவை.

இருவத்திரண்டிலயும் நான் 'இல்லை' எண்டுதான் அமத்தினனான்.

ஆரையும் கேட்டு அமத்தேல்லை. யோசிச்சும் அமத்தேல்லை. கை தன்ர பாட்டுக்குப் போகும். நான் வளந்த சண்டைக் காலத்தில வீட்டில எத்தினை பேர், ஆர் வந்தது, ஆர் போனது எண்டு எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில பேர் இருந்தால் ஏன் இருக்கு எண்டு கேப்பாங்கள், இல்லாட்டி ஏன் இல்லை எண்டு கேப்பாங்கள். திரையில ஒரு பெட்டி வந்து உன்ர விபரத்தை அனுப்பட்டோ எண்டு கேட்டால், இந்த ஊரில வளந்த ஒருத்தரும் ஓம் எண்ட பொத்தானை அமத்தமாட்டினம். அந்த மூண்டு பேரும் இந்த ஊர் ஆக்கள் இல்லை எண்டு இப்பவும் பந்தயம் கட்டுவன்.

அப்ப அந்த மனிசனுக்குப் பொய்க் கணக்குக் குடுத்தது நான்தான். எட்டு நாளா அவரைத் திட்டித் தீத்ததும் நான்தான். எனக்கு வெக்கமா இருந்தது. வெக்கம் வந்தால் எனக்கு அதுவும் கொதியாத்தான் வெளியில வரும். ஒரு மானைச் சீ போ எண்டு கலைச்சுவிட்டன், பாவம்.

சரி, இப்பவும் காலம் இருக்கு, எல்லாரையும் ஓம் எண்டு அமத்தப் பண்ணினால் ஒரு கிழமையில கணக்கு ஏறிவிடும் எண்டு நினைச்சன். உப்புவெளியில ரியூசன் நடத்துற ஒரு மாஸ்டரிட்டத்தான் முதல் போனனான், ஏன் எண்டால் அவரிட்ட மட்டும் நாலு கொம்பியூட்டர்.

"பேர் போகாது மாஸ்டர். எண்ணிக்கை மட்டும்தான் போகும்" எண்டன்.

"எங்க போகும்?"

"வெளிநாட்டில இருக்கிற ஒரு கணினிக்கு."

"அதை ஆர் பாப்பினம்?"

"ஆரும் பாக்கலாம். ஆனால் எண்ணிக்கை மட்டும்தான்."

அவர் சிரிச்சார். "பிள்ளை, எண்ணிக்கை மட்டும்தான் எண்டு சொல்லித்தான் எல்லாரும் எண்ணத் தொடங்கிறவை. எனக்கு வேண்டாம். நாலு பெட்டியிலயும் இருந்து உங்கட சாமானைக் கழட்டிறதெண்டாலும் கழட்டுங்கோ, நான் திரும்ப அடிக்கிறன்."

கிண்ணியாவில அச்சகம் வைச்சிருக்கிற ஒராள் தொலைபேசியில அதையே இன்னும் சுருக்கமாச் சொன்னார். "வேணாம் தங்கச்சி, எங்களை விட்ருங்க." மூதூரில இருக்கிற ஒரு பிள்ளை யோசிச்சுச் சொல்லுறன் எண்டவ. யோசிச்சுச் சொல்லுறன் எண்டால் என்ன எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. பதினேழு பேரைக் கேட்டு ரெண்டு பேர் ஓம் எண்டினம். அந்த ரெண்டு பேரும் கேள்வியைச் சரியா விளங்கிக் கொள்ளேல்லை எண்டுதான் நினைக்கிறன்.

எனக்கு எங்கட சனத்தில வந்த ஆத்திரம் அந்த வெளிநாட்டு மனிசனில வந்ததை விடக் கூட. பாவிக்கிறதுக்கு வேணும், பாவிக்கிறன் எண்டு சொல்ல மாட்டினம். எல்லாரும் ஒளிச்சுக்கொண்டு இருந்தால் ஆர் எங்களுக்காகச் சாமானை வைச்சிருப்பான்? கந்தோரில வந்து கதிரையை இழுத்துப் போட்ட சத்தத்தில மேலாளர் எட்டிப் பாத்தார்.

மூண்டாவது கிழமை முடியிற நாள் வந்திட்டுது. அண்டைக்குப் பின்னேரத்தோட வழக்கு மூடப்படும். எண்ணிக்கை காட்ட ஏலாது, அப்ப ஒரு உண்மையான ஆளையாவது காட்டுவம் எண்டு முடிவெடுத்தன். காலமை பத்தரைக்கு அக்காவுக்கு அழைப்பு எடுத்தன்.

"அக்கா, சேரைப் பற்றி அந்தப் பக்கத்தில ஒரு நாலு வரி எழுதட்டோ? பேரோட எழுதினால்தான் நம்புவினம்."

"அவர் பள்ளிக்கூடத்தில எல்லோ. ரெண்டு மணிக்கு வந்திடுவார். கேட்டுப்போட்டு உடன சொல்லுறன்" எண்டா அக்கா.

மூண்டரை மணித்தியாலம். பொறுத்திருந்தால் என்ன, கடல் வத்தியே போயிருக்கும்? எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சு. சேர் என்ன மாட்டன் எண்டே சொல்லப் போறார், அவருக்காகத்தானே இவ்வளவும் எண்டு என்ர மனம் சொன்னது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில இருந்து எழுதினன். அவற்ற முழுப்பேர், பள்ளிக்கூடத்தின்ர பேர், பாடம், எத்தினை வருஷமாக் கண் தெரியாது, எல்லாம் எழுதினன். இந்தக் கருவி இல்லாட்டி இந்த மனிதரால் ஒரு வரியைக்கூட வாசிக்கவோ படிப்பிக்கவோ முடியாது எண்டும் எழுதினன். அந்த வசனத்தை ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தன். நல்லாத்தான் இருந்தது. அழுத்தி அனுப்பினன்.

ரெண்டு மணிக்குப் பிறகு அக்கா எடுத்தா. "அவர் வேண்டாமாம். தன்ர பேர் போடாமல் வேற ஏதும் செய்யச் சொல்லுறார்" எண்டா. நான் சரி அக்கா எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். போட்டிட்டன் எண்டு சொல்லேல்லை. வழக்கில வெண்டால் போதும், ஆர் போய் அதை வாசிக்கப் போகினம் எண்டு நினைச்சன்.

வழக்கில வெண்டன். அதுதான் பெரிய பகிடி. அந்தக் குளிர்நாட்டு மனிசன் அண்டைக்கே நீக்கல் அறிவித்தலைத் திருப்பி எடுத்திட்டார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாம் சண்டை பிடித்திருக்கவே தேவையில்லை" எண்டு எழுதி, ரெண்டு நாள் இருந்து எழுத்துமாற்றி முழுவதையும் தானே புது மொழியில எழுதித் தந்தார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத மனிசன். கொம்பு எல்லாம் அதது தன்ர இடத்தில வந்து நிண்டது. நான் அவரிட்ட மன்னிப்புக் கேட்டன். அது உண்மையாக் கேட்டதுதான்.

சனிக்கிழமை லிங்கநகருக்குப் போய்ப் புது மடிக்கணினியில எல்லாத்தையும் ஏத்திக் குடுத்தன். சேர் ஒரு சுற்றறிக்கையைத் திறந்து ரெண்டு வரி கேட்டிட்டு, "நல்லாத் தெளிவாச் சொல்லுது தங்கச்சி" எண்டார். அண்டைக்கும் நான் வாயைத் திறக்கேல்லை.

அடுத்த கிழமை அதிகாரி வந்தார். வகுப்பு நல்லாப் போனதாம். ரெண்டு பாடவேளையும் கடைசி வாங்கில இருந்து கேட்டிட்டு, ஒரு குறையும் சொல்லாமல் எழும்பினாராம். பிறகு அதிபரின்ர அறையில வைச்சு ஒரு பேப்பரை எடுத்து மேசையில போட்டாராம். அவற்ற கந்தோரில ஆரோ சேரின்ர பேரை இணையத்தில தேடி, வந்த பக்கத்தை அச்சடிச்சுக் குடுத்திருக்கினம். "ஒரு வரியைக்கூட வாசிக்கவோ படிப்பிக்கவோ முடியாது எண்டு உங்களுக்கு வேண்டிய ஆக்களே எழுதியிருக்கினம். நான் இதுக்கு மேல என்னத்தை எழுத?" எண்டாராம். ரெண்டு பாடவேளை தன்ர காதால கேட்ட மனிசன், பேப்பரில கிடக்கிறதைத்தான் நம்பினவர். அடுத்த தவணையில இருந்து சேருக்கு வகுப்பு இல்லை. பள்ளிக்கூட நூலகத்துக்குப் பொறுப்பாப் போட்டிருக்கினம். கண் தெரியாத மனிசனை நூலகத்தில கொண்டுபோய் இருத்தியிருக்கிறாங்கள். கோதாரியில போவார் இதை என்னெண்டு யோசிச்சவங்களோ.

அக்கா இதை எல்லாம் தொலைபேசியில அழுதழுது சொன்னா. என்னை ஒரு வார்த்தை ஏசேல்லை. அந்தப் பக்கத்தை எழுதினது ஆர் எண்டு அவவுக்கு அப்ப தெரியுமோ எண்டும் எனக்கு விளங்கேல்லை.

நான் உடன அந்த எழுத்தை அழிக்கப் பாத்தன். எழுதினதைத் திரும்ப எடுக்க அங்க வழி இல்லை. பக்கங்களைப் பாக்கிற குழுவுக்கு எழுதினன். கெஞ்சினன் எண்டே சொல்லலாம். குளிர்நாட்டு மனிசனும் எனக்காக ஒரு கடிதம் போட்டார். எங்கள் விவாதங்கள் அனைத்தும் நிரந்தரப் பதிவுகள், அவற்றை நாங்கள் மாற்றுவதில்லை, நீங்கள் விரும்பினால் கீழே ஒரு திருத்தம் எழுதலாம் எண்டு மூண்டு வரியில பதில் வந்தது. நீக்கிறதுக்கெண்டால் எவ்வளவு அவசரப்பட்டவங்கள். ஆரோ ஒருத்தற்ற சீவியத்தைக் கெடுக்கிற ஒரு வசனத்தை நீக்கச் சொன்னால் நிரந்தரமாம். அண்டைக்குத் துறைமுகப் பக்கம் பாத்த யன்னலடியில நிண்டு ஒரு பாட்டம் திட்டித் தீத்தன். கந்தோரில ஒருத்தரும் கிட்ட வரேல்லை. திட்டி முடிஞ்ச பிறகும் அந்த வசனத்தை எழுதினது நானாத்தான் இருந்தன்.

திருத்தமும் எழுதினன். நான் எழுதியது பிழை எண்டு ஆறு வரி. அதை அச்சடிச்சுக் கொண்டு கல்விக் கந்தோருக்குப் போனன். அதிகாரி வெளியில போட்டார் எண்டு ரெண்டு தரம் சொல்லி அனுப்பிச்சினம். மூண்டாம் தரம் ஒருத்தர் வாங்கி ஒரு கோப்புக்குள்ள செருகினவர். அவ்வளவுதான்.

பிறகு லிங்கநகருக்குப் போனன். போகாமல் இருக்க ஏலாது. சேர் மண்டபத்தில கதிரையில இருந்தார். நான்தான் எழுதினனான் எண்டு வாசலில நிண்டபடியே சொன்னன். "தெரியும் தங்கச்சி, உள்ள வந்து இருங்கோ" எண்டார்.

நான் இருந்தன். குசினியில அக்கா ஏதோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன எழுதினீங்கள் எண்டு எனக்கு முழுசா ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை. வாசிங்கோ" எண்டார்.

தொலைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தன். இங்கிலீசில இருந்ததைத் தமிழில சொல்லிச் சொல்லி வாசிச்சன். அவற்ற பேர், பள்ளிக்கூடம், பாடம், கண் தெரியாத வருஷக் கணக்கு. அந்த வசனம் வந்த இடத்தில கொஞ்சம் மெதுவாச் சொல்லிப் போகப் பாத்தன்.

"அதைத் திரும்ப வாசிங்கோ."

"இந்தக் கருவி இல்லாட்டி இந்த மனிதரால் ஒரு வரியைக்கூட வாசிக்கவோ படிப்பிக்கவோ முடியாது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார். "அந்த மிசினை நான் ஒருநாளாவது வகுப்புக்குக் கொண்டு போனதைக் கண்டிருக்கிறீங்களோ?"

"இல்லை சேர்."

"அது கந்தோர்க் கடுதாசி வாசிக்க. வீட்டில வினாத்தாள் ஆயத்தப்படுத்த. வகுப்பில எனக்கு ஒண்டும் தேவையில்லை. இருவத்தாறு வருஷமாப் படிப்பிக்கிறன். கண் தெரிஞ்ச காலத்திலயும் நான் புத்தகத்தைப் பாத்துப் படிப்பிச்சதில்லை." அவற்ற குரல் ஏறேல்லை. "இந்தப் பதினொரு வருஷத்தில நீங்கள் எத்தினை தரம் இந்த வீட்டுக்கு வந்திருப்பீங்கள். பள்ளிக்கூடம் அடுத்த ஒழுங்கையில. ஒருநாளெண்டாலும் வந்து என்ர வகுப்பில இருந்து பாத்திருக்கிறீங்களோ?"

"இல்லை சேர்."

"அந்த அதிகாரியாவது ரெண்டு பாடம் இருந்து கேட்டவர்" எண்டார்.